வெட்டின வயர்: கம்பத்துக்கு வந்த 120 வோல்ட் டிரில்லிங் மெஷின்

வழக்கமாக இங்கே சாஃப்ட்வேர் கதைதான் பேசுவோம். இந்த வாரம் ஒரு டிரில்லிங் மெஷின். காரணம், கம்பத்தில் என் மாமாவின் பட்டறையில் வேலை பார்க்கிற பையனுக்குக் கரண்ட் அடித்தது. அதுவும் சுவிட்சை ஆஃப் பண்ணி வைத்திருந்த மெஷினில். கையை உதறிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்ததோடு முடிந்தது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஃப் பண்ணின மெஷின் எப்படி அடிக்கும்? அதைத் தேடிப்போனதில் எனக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு போயிற்று. முதலில் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். அது நிஜமான காரணம்தான், ஆனால் பாதிதான். மீதிப் பாதியைப் பார்க்காமல் பஸ் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் கீழே பன்னீர் திராட்சை, தென்னை, வாழை. குமுளி மலை ஏறினால் ஏலக்காய். மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர், களை வெட்டுகிற மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாம் ரிப்பேருக்கு வருகிற இடம் மாமா பட்டறை. ஸ்டாண்டு அடிக்க, பிராக்கெட் துளைக்க அவருக்கு நல்ல கனமான டிரில்லிங் மெஷின் ரொம்ப நாளாகத் தேவைப்பட்டது. கோயம்புத்தூரில் ஒரு பழைய இரும்பு குடோனில் அமெரிக்க மெஷின் ஒன்று கிடைத்தது. முழுக்க வார்ப்பு இரும்பு. தட்டினால் கோயில் மணி மாதிரி சத்தம். ஒரே குறை, பவர் வயர் இல்லை. மெஷினிலிருந்து ஒரு சாண் நீளத்தில் வெட்டியிருந்தது.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இது புதிதில்லை. வயரில் இருக்கிறது செம்பு. செம்புக்குத் தனி எடை, தனி விலை. அதனால் முதலில் போவது வயர்தான். அதோடு அமெரிக்கப் பிளக்கும் போய்விட்டது. போனது வெறும் வயர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எந்த ஊர்க் கரண்ட்டுக்குச் செய்த மெஷின் என்று பார்த்தவுடன் சொல்வது அந்தப் பிளக்தான். அது கண்ணில் பட்டிருந்தால் மாமாவே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பார்.

மோட்டார் மேல் இருந்த தகட்டில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அரை எச்பி, 8 ஆம்ப், 1725 ஆர்பிஎம். மாமா வோல்ட்டை மட்டும் படித்தார். "நமக்கு வர்றது 230. நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போட்டா ஓடப்போகுது. இதுக்கு எதுக்கு மாப்ள இன்ஜினியரு?" வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த தெரிந்தவர் ஒருவரிடம் 230-லிருந்து 110 ஆக்குகிற பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து, மூன்று கோர் வயர் வாங்கி, மாமாவே ஜாயிண்ட் போட்டார்.

மெஷினில் மீந்திருந்த அந்த ஒரு சாண் வயரில் மூன்று நிறம். கறுப்பு, வெள்ளை, பச்சை. மாமா முப்பது வருஷமாகக் கரண்ட் வேலை பார்த்தவர். நம் ஊர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். அது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பாடம். அதனால் கறுப்பை நியூட்ரலில் கொடுத்தார். மிச்சம் இருந்த வெள்ளை தானாகப் பேஸ் ஆனது. பச்சையைக் கொடுக்க இடமே இல்லை, ஏனென்றால் அந்தப் பெட்டியில் இருந்தது இரண்டு ஓட்டை மட்டும். பச்சையை மடக்கி டேப் சுற்றிவிட்டார்.

அமெரிக்காவில் கறுப்புதான் பேஸ். வெள்ளை நியூட்ரல். நமக்கு நேர் தலைகீழ்.

இதில் கஷ்டம் என்னவென்றால், தப்பாகக் கொடுத்தாலும் மெஷின் ஓடும். ஏசி மோட்டாருக்கு எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் வருகிறது என்பது பொருட்டே இல்லை. பியூஸ் போகாது, புகை வராது. ஜம்மென்று ஓடிற்று. எங்கள் தொழிலில் எரர் காட்டாத பிழையைத்தான் பெரிய பயத்தோடு பார்ப்போம். இது அந்த வகை. மெஷினில் இருக்கிற சுவிட்ச் ஒரே ஒரு வயரைத்தான் வெட்டுகிறது, கறுப்பு வயரை. கறுப்பில் பேஸ் வந்தால், ஆஃப் பண்ணினதும் மோட்டாருக்குள் கரண்ட் இருக்காது. கறுப்பில் நியூட்ரல் வந்தால், ஆஃப் பண்ணினதும் மோட்டார் நிற்கும், ஆனால் காயில் முழுக்க பேஸ் நின்றுகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாள் நடந்தது இதுதான். மேலே கூடலூர்ப் பக்கம் சாரல், காற்றெல்லாம் ஈரம். பட்டறைத் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். பையன் வெறுங்காலோடு நின்று சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு, பெல்ட்டை மாற்ற மேல்மூடியைத் திறந்து ஒரு கையால் தூணைப் பிடித்தான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் நான் போய் இறங்கினபோது மாமா மெஷினை மூலையில் தள்ளி வைத்திருந்தார். பையன் அதைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று திரும்பி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, ஆஃப் பண்ணிட்டுத்தாண்ணே தொட்டேன்" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னான். மாமா அவனைத் திட்டியிருக்கிறார் போல. நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். மோட்டார் எல்லாம் முதல் வருஷத்தில் பேசிக் எலெக்ட்ரிக்கல் என்று ஒரு பேப்பர், பாஸ் ஆனதோடு மறந்தது. ஆனால் கறுப்பு, வெள்ளை விஷயம் தெரியும். பழைய லேப் உபகரணம் ஒன்றில் ஒருமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஜாயிண்ட்டைப் பிரித்துப் பார்த்ததும் "மாமா, இது தலைகீழ்" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. மாமாவுக்கு நம்பவே முடியவில்லை. "கறுப்புல பேஸா? எவன்டா அப்படி வச்சான்?" அவர் கோபம் நியாயமானது. பிரிட்டனிலேயே கட்டட வயரிங்கில் சிவப்பு, கறுப்பை விட்டு பழுப்பு, நீலத்துக்கு மாறினது 2004-க்கும் 2006-க்கும் நடுவில்தான். இன்று நம் கடையில் விற்கிற மூன்று கோர் வயரிலும் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். அதே நீலம் நம் பழைய த்ரீ பேஸ் வயரிங்கில் பேஸ். ஒரே பட்டறைக்குள் நீலத்துக்கு இரண்டு அர்த்தம்.

சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாமா டீ சொல்லிவிட்டார். சும்மா ஒரு திருப்திக்கு, சுவிட்சை ஆஃப் பண்ணி, மோட்டார் டெர்மினலில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

எரியக்கூடாது. கறுப்பை வெட்டியாயிற்று, வெள்ளை நியூட்ரல். எப்படி எரியும்? நியான் டெஸ்டர் சும்மா கசிவுக்கும் எரியும் என்று மீட்டரை எடுத்து எர்த்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் வைத்தேன். 228 வோல்ட். 110 வோல்ட் பெட்டியிலிருந்து வருகிற நியூட்ரல் வயரில் 228 வோல்ட். சுவிட்ச் வரைக்கும் வருகிற கறுப்பில் வைத்தேன். 118. இரண்டையும் கழித்துப் பாருங்கள், சரியாக 110. மெஷினுக்குத் தேவையான 110 கிடைக்கிறது, அதனால் ஓடுகிறது. ஆனால் தரையிலிருந்து பார்த்தால் இரண்டு வயருமே ஆளை அடிக்கிற வயர். எந்த வயரை வெட்டினாலும் இன்னொன்றில் கரண்ட் நிற்கும். டீ ஆறிப்போயிற்று.

காரணம் அந்தப் பெட்டி. டிரான்ஸ்பார்மர் என்றால் இரண்டு தனித்தனி காயில், ஒன்றுக்கொன்று தொடாமல் இருக்கும் என்றுதான் நமக்குப் பாடம். மலிவாகவும் எடை குறைவாகவும் செய்கிற பெட்டிகளில் நிறைய ஆட்டோ டிரான்ஸ்பார்மர். அதில் ஒரே காயில்தான். ஒரு ஏணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் நியூட்ரல், உச்சியில் 230. நடுவில் 110-ஆவது படியில் ஒரு கம்பி எடுத்து வெளியே விடுகிறார்கள். அடிக்கம்பியும் இந்தக் கம்பியும் சேர்ந்தால் 110. ஏணி நேராக நின்றால் ஒன்றும் தொந்தரவு இல்லை. அந்தப் பெட்டிக்கு இருந்தது இரண்டு கால் பிளக். அதை எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகும். திருப்பிச் சொருகினால் ஏணி தலைகீழாக நிற்கும். அப்போது அடிக்கம்பி 230-ல் இருக்கும், 110-ஆவது படி அங்கேயிருந்து 110 குறைந்து 120-ல் இருக்கும். நான் மீட்டரில் பார்த்தது அதைத்தான். பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினேன். வெள்ளை 1 வோல்ட், கறுப்பு 110. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப பிளக்க எந்தப் பக்கம் சொருகுறோம்ங்கறதுலயாண்ணே உசுரு இருக்கு?" என்றான். ஆமாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. காயிலில் கரண்ட் நின்றால் நிற்கட்டும், இரும்புத் தூணுக்கு அது எப்படி வந்தது? பக்கத்தில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிற பெரியவரிடம் மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போனோம். இந்தப் பள்ளத்தாக்கில் கிணற்று மோட்டார் எரிவது அன்றாடம். காயில் கட்டுகிறவர்கள் அந்தத் தொழிலில் ஊறிப்போனவர்கள். அவர் மெகரைப் போட்டுச் சுற்றினார். முள் 0.05 மெகாஓம் பக்கத்தில் நின்றது. குறைந்தது ஒரு மெகாஓமாவது இருக்கவேண்டும். குடோனில் மழையில் கிடந்த மோட்டார், காயிலுக்குள் ஈரம். கணக்குப் போட்டால் 230 வோல்ட்டுக்கு 4.6 மில்லிஆம்ப். உயிரை எடுக்கிற அளவு இல்லை, ஆளை எகிற வைக்கிற அளவு.

இந்த நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் "ஆர்சிசிபி போட்டிருந்தா இது நடந்திருக்காதுல்ல?" என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போடுகிற ஆர்சிசிபி 30 மில்லிஆம்ப் கசிவுக்குத்தான் விழும். 4.6-க்கு விழாது. காப்பாற்றியிருக்க வேண்டியது மடக்கி டேப் சுற்றின பச்சை வயர். அது எர்த்தில் போயிருந்தால் தூணில் வோல்ட்டேஜே நின்றிருக்காது, கசிவு அந்த வழியாகவே போயிருக்கும். நம் ஊர் மூன்று கால் பிளக்கில் எர்த் கால் மட்டும் ஏன் தடிமனாக, நீளமாக இருக்கிறது? சொருகும்போது அது முதலில் தொடவேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விடவேண்டும். சாக்கெட்டுக்கு நேராக நின்று பார்த்தால் அது மேலே, பேஸ் வலது பக்கம், நியூட்ரல் இடது பக்கம். பிளக்குக்குள்ளேயும் எழுத்துப் போட்டிருக்கும். தப்பாகச் சொருக வழியே இல்லாத பிளக் அது. இரண்டு கால் பெட்டியை நடுவில் வைத்ததும் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போயிற்று.

பெரியவர் ஸ்டேட்டரை ராத்திரி முழுக்க 100 வாட் குண்டு பல்புக்கு அடியில் வைத்துக் காயவைத்து, வார்னிஷ் அடித்தார். ஞாயிறு மதியம் மெகர் 20-க்கு மேல் காட்டியது. டிரான்ஸ்பார்மர் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "அதத் தூக்கிப் போடுங்க தம்பி, நான் ரெண்டு காயிலா கட்டித் தர்றேன். எத்தன வோல்ட்டு வேணும்?"

நான் 120 என்றேன். அவர் தகட்டைப் படித்துவிட்டு "இல்ல, நூறு போதும்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் சூத்திரம் எதுவும் சொல்லவில்லை, "சைக்கிள் கம்மியா இருக்குல்ல, அதே வோல்ட்டு குடுத்தா சுடும்" என்றார், அவ்வளவுதான். ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மோட்டாரின் இரும்பு எவ்வளவு காந்தத்தைத் தாங்கவேண்டும் என்பது வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்தால் வருகிற எண்ணைப் பொறுத்தது. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. நம்முடையது 50 ஹெர்ட்ஸ். 100-ஐ 50-ஆல் வகுத்தாலும் 2. பழைய பெட்டி கொடுத்த 110-க்கு 2.2, அதாவது பத்து சதவீதம் கூடுதல். 120 கொடுத்திருந்தால் இருபது சதவீதம் கூடுதல். ஓடும், ஆனால் இரும்பு நிரம்பிப்போய் வெறும் சூடாகக் கரண்ட்டைத் தின்னும். மாமா "அரை மணி நேரத்துல கை வைக்க முடியல" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

வோல்ட்டைப் பெட்டி வைத்து மாற்றலாம். ஹெர்ட்ஸை டிரான்ஸ்பார்மரால் மாற்ற முடியாது. கம்பத்துக்குத் தெற்கே லோயர் கேம்பில், பெரியாறு தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்குகிற பவர் ஹவுஸ் 1958-லிருந்து ஓடுகிறது. அங்கே சுற்றுகிற ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸுக்குத்தான் சுற்றும். 2013 டிசம்பர் 31-ஆம் தேதி தென்னிந்திய கிரிட் மற்ற இந்தியாவோடு இணைந்தபிறகு, காஷ்மீர் வரைக்கும் எல்லா ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. மாமாவின் டிரில்லிங் மெஷினுக்காக அது மாறாது. ஜப்பானில் இந்தத் தாளமே இரண்டு. 1895-ல் டோக்கியோவுக்கு ஜெர்மன் ஜெனரேட்டர் வந்தது, அடுத்த வருஷம் ஒசாகாவுக்கு அமெரிக்க ஜெனரேட்டர் வந்தது. அதனால் இன்றும் அந்த நாட்டின் கிழக்கில் 50, மேற்கில் 60. அங்கிருந்து வருகிற பழைய மெஷின்களில் 50/60 என்று இரண்டும் போட்டிருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். வோல்ட் அங்கே 100 என்பதை மறந்துவிடாதீர்கள்.

50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். 1725 இருந்த இடத்தில் சுமார் 1440. பலமும் அதே அளவு குறையும். டிரில்லிங் மெஷினில் பெல்ட்டை ஒரு படி மாற்றிப் போட்டால் வேகம் சரியாகிவிடும், அதனால் இது பெரிய விஷயம் இல்லை. பார்க்கவேண்டியது வேறு. இந்த மாதிரி மோட்டாருக்குள் ஸ்டார்ட் ஆவதற்குத் தனிக் காயில் ஒன்று இருக்கும். வேகம் ஏறினதும் உள்ளே ஒரு சுவிட்ச் சுழற்சி விசையில் திறந்து அதை வெட்டிவிடும். அது 60 ஹெர்ட்ஸ் வேகத்துக்குச் செய்த சுவிட்ச். நம் குறைந்த வேகத்தில் சில மோட்டாரில் திறக்காமலே போகலாம். போனால் ஸ்டார்ட்டிங் காயில் சில நிமிஷத்தில் எரியும். பெரியவர் ஓடவிட்டு, மோட்டாரில் காதை வைத்துக் கேட்டார். "டக்"குன்னு சத்தம் வந்தது. திறந்துவிட்டது.

டிரான்ஸ்பார்மர் 2 கேவிஏ. தகட்டில் 8 ஆம்ப்தானே, 1 போதாதா என்று மாமா கேட்டார். மோட்டார் ஸ்டார்ட் ஆகிற ஒரு நொடியில் பல மடங்கு இழுக்கும். சின்னதாக இருந்தால் வோல்ட் விழுந்து மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும். இரண்டு காயிலும் தனி. வெளியே வருகிற 100 வோல்ட் காயிலின் ஒரு முனையை எர்த்தோடு சேர்த்து, அதையே நியூட்ரலாக வைத்தோம். இன்னொரு முனையில் எம்சிபி. பெட்டிக்குள் போகிற பக்கம் 16 ஆம்ப் மூன்று கால் பிளக்.

பவர் வயர் கதைக்கு வருகிறேன், அதில்தானே ஆரம்பித்தோம். அந்த ஒரு சாண் மிச்சத்தோடு முறுக்கி டேப் சுற்றின ஜாயிண்ட்டைத் தூக்கிப் போட்டோம். அதிரும் மெஷினில் முறுக்கின ஜாயிண்ட் தளரும், தளர்ந்தால் சூடாகும். மெஷினின் டெர்மினல் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்தே 2.5 சதுர மில்லி மூன்று கோர் புது வயர் போட்டோம். 120 வோல்ட் மெஷின் அதே வேலைக்கு நம்முடையதைவிட இரண்டு மடங்கு ஆம்ப் இழுக்கும், மெல்லிசு வயர் ஆகாது. ஒவ்வொரு முனையிலும் லக் அடித்தோம். வயர் நுழைகிற ஓட்டையில் கிளாண்டு போட்டு இறுக்கினோம், இழுத்தால் டெர்மினலில் இழுவை விழக்கூடாது. பழுப்பு வயர் சுவிட்சுக்கு. நீலம் வெள்ளை இருந்த இடத்துக்கு. பச்சை மஞ்சளை, பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் போல்ட் போட்டு முடுக்கினோம். கரண்ட் கொடுக்கும் முன்பு மீட்டரில் மூன்று விஷயம் பார்த்தோம். பிளக்கின் எர்த் காலுக்கும் தூணுக்கும் நடுவில் ஓம் பூஜ்யத்துக்குப் பக்கம் இருக்கிறதா. சுவிட்சைத் தட்டினால் பழுப்பு வயர் வெட்டுகிறதா. பழுப்புக்கும் தூணுக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கிறதா. நிறத்தை நம்பி எதையும் விடவில்லை. நீங்களும் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், லைசன்ஸ் இருக்கிற ஒரு வயர்மேனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பெரியவர் இருந்தார்.

சாயங்காலம் ஓடவிட்டோம். பையன் முதலில் புறங்கையால் தூணைத் தொட்டான். அப்புறம் உள்ளங்கையை வைத்தான். மாமா அவனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கடைக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து அவன் முன்னால் போட்டார். டிரான்ஸ்பார்மர் மேல் சுண்ணாம்பில் "100 வோல்ட், இந்த மெஷினுக்கு மட்டும்" என்று எழுதினார்.

நேற்று ராத்திரி மாமாவிடமிருந்து வாட்ஸாப். அதே குடோனில் ஜப்பான் கிரைண்டர் ஒன்று வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று. வயர் வெட்டியிருக்கிறது. தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். தகட்டின் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், ஒரு எழுத்தும் தெரியவில்லை. தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு இன்னொரு போட்டோ அனுப்புங்கள் மாமா, அதுவரைக்கும் காசு கொடுக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.